கணினி வலையமைப்புச் சிக்கல் தீர்த்தல்

கணினி வலையமைப்புச் சிக்கல் தீர்த்தல் என்பது, கணினிகளுக்கு இடையிலான தரவுப் பரிமாற்றம் தடைப்படும்போதோ அதன் வேகம் குறையும்போதோ, அதற்கான காரணத்தை முறையாகத் தேடிக் கண்டறிந்து நீக்கும் செயற்பாடு ஆகும். மேசையில் உள்ள கணினிகளுக்கும், மென்பொருளால் உருவாக்கப்படும் மெய்நிகர் இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் மெய்நிகர் இயந்திரத்தில் வடம், ஆளி, திசைவி ஆகியவையும் மென்பொருளாகவே இருப்பதால், கண்ணால் பார்த்து அறியக்கூடிய கோளாறு அங்கே மிகக் குறைவு.

பேச்சு வழக்கில் "நெட் இல்லை" என்று சொல்லப்படும் நிலைக்குப் பின்னால் பல்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். வடம் கழன்றிருக்கலாம், கணினிக்கு முகவரி கிடைக்காமல் இருக்கலாம், முகவரி கிடைத்தும் பெயர் வழங்கி பதில் தராமல் இருக்கலாம், எல்லாம் சரியாக இருந்து, தொலைவில் உள்ள வழங்கி மட்டும் செயலிழந்திருக்கலாம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2020 அக்டோபர் முதல் விரல்ரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. அத்தகைய ஒரு கடையில் கருவி விரல்ரேகையை ஏற்காதபோது, கோளாறு கருவியின் செல்பேசித் தொடுப்பிலா, தொலைவில் உள்ள வழங்கியிலா என்று பிரித்தறிவது வரிசையில் நிற்பவருக்கு அன்று அரிசி கிடைக்குமா என்பதையே தீர்மானிக்கிறது. முதலாவதாயின் அலைக்குறி நன்றாகக் கிடைக்கும் இடத்துக்குக் கருவியை எடுத்துச் சென்றாலே போதும். இரண்டாவதாயின் கடையில் உள்ளவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. மாற்று நடைமுறையைப் பின்பற்ற வேண்டியதுதான்.

படிநிலை நோக்கு

வலையமைப்பின் செயற்பாடு பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பாடநூல்களில் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகள் விளக்கப்படும். சிக்கல் தீர்ப்பதற்கு அவற்றை நான்காகச் சுருக்கிக் கொள்ளலாம்: வடம் அல்லது அலை, உள்ளூர்த் தொடுப்பு, முகவரியும் வழியும், பெயரும் பயன்பாடும். ஓர் அடுக்கு சரியாக இல்லாவிட்டால் அதற்கு மேலுள்ள எதுவும் வேலை செய்யாது. ஆகவே சோதனை வழக்கமாகக் கீழிருந்து மேலாகச் செல்லும். பட்டுத்தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுவாரே தவிர, பாவையே மாற்றுவதில்லை. வலையமைப்பிலோ பலர் எடுத்த எடுப்பில் இயங்குதளத்தையே மீண்டும் நிறுவி விடுகின்றனர். கோளாறு வடத்தில் இருந்தால் இதனால் பயன் ஏதும் இல்லை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதன் விளைவைப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்து தொடுப்பு சரியாகிவிட்டால், எது காரணம் என்பது தெரியாமலே போகும். அடுத்த முறை அதே சிக்கல் வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

வடமும் அலையும்

ஈதர்நெட் செப்பு வடத்தில் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும். 1 கிகாபிட் வேகத்துக்கு நான்கும் தேவை. எனவே ஓர் இணை மட்டும் அறுந்த வடத்தில் தொடுப்பு முற்றிலும் நிற்காமல், வேகம் 100 மெகாபிட்டாகக் குறைந்து தொடர்ந்து இயங்குவது உண்டு. "இணையம் மெதுவாக இருக்கிறது" என்ற முறையீடு பல நேரங்களில் இவ்வாறு முடிகிறது. இயங்குதளம் காட்டும் தொடுப்பு வேகத்தைப் பார்த்தாலே இதை அறியலாம். செப்பு வடத்தின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படக் கூடாது. இரு கட்டடங்களுக்கு இடையே செப்பு வடத்தை இழுப்பது இடி மின்னலின்போது இரு முனைக் கருவிகளையும் பழுதாக்கக் கூடும் என்பதால், அங்கே ஒளியிழை வடமே ஏற்றது.

வீடுகளுக்கு வரும் ஒளியிழைத் தொடுப்பின் முனையில் உள்ள பெட்டியில் ஒளிக்குறி இழப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். அது எரிந்தால் அல்லது மின்னினால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டினுள் உள்ள எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் இராது. பரவலாகப் பயன்படும் ஜிபான் வகைத் தொடுப்புகளில் வந்துசேரும் ஒளியின் திறன் ஏறத்தாழ -8 முதல் -27 டெசிபெல்-மில்லிவாட் வரை இருக்க வேண்டும். -27ஐ ஒட்டிய அளவு காணப்பட்டால் இழை எங்கோ வளைந்தோ, இணைப்பி தூசு படிந்தோ இருக்கிறது எனக் கொள்ளலாம். இத்தகைய தொடுப்பு ஒரு நாள் இயங்கி மறுநாள் அறுந்து பயனரைக் குழப்பும். முற்றிலும் அறுந்த தொடுப்பைவிட இதைக் கண்டறிவதே கடினம்.

கிராமப்புறங்களில் மின்தடை மற்றொரு காரணம். மடிக்கணினி மின்கலத்தில் இயங்கிக் கொண்டிருக்கும், திசைவியோ அணைந்திருக்கும். மின்சாரம் திரும்பிய பின்னர் திசைவி முழுமையாக இயங்கத் தொடங்கச் சில மணித்துளிகள் ஆகலாம். அதற்குள் செய்யப்படும் சோதனைகள் யாவும் தவறான முடிவையே தரும்.

முகவரியும் நுழைவாயிலும்

வடம் சரியாக இருப்பின், அடுத்துப் பார்க்க வேண்டியது இணைய நெறிமுறை முகவரி, அதாவது ஐபி முகவரி. விண்டோசில் "ஐபிகான்ஃபிக்" என்ற கட்டளையும், லினக்சில் "ஐபி" என்ற கட்டளையும் இதைக் காட்டும். வீட்டிலும் பள்ளியிலும் உள்ள கணினிகளுக்கு முகவரியைத் திசைவியோ வழங்கியோ டிஎச்சிபி நெறிமுறை வழியாகத் தானே அளிக்கிறது. அம்முகவரிகள் பெரும்பாலும் 192.168, 10 ஆகிய எண்களில் ஒன்றில் தொடங்கும். 1996 பிப்ரவரியில் வெளியான நெறிமுறை ஆவணம் ஒன்று, உள்ளூர்ப் பயன்பாட்டுக்கென இவற்றையும் 172.16 முதல் 172.31 வரையிலான தொகுதியையும் ஒதுக்கியது.

விண்டோசுக் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி காணப்பட்டால், டிஎச்சிபி வழங்கியிடமிருந்து பதில் கிடைக்காததால் கணினி தனக்குத் தானே ஒரு முகவரியை இட்டுக் கொண்டது என்று பொருள். இது ஒரு பயனுள்ள தடயம். வடம் வேலை செய்கிறது என்று கணினி நம்புகிறது. ஆனால் மறுமுனையில் முகவரி தருவோர் இல்லை. ஒரே முகவரி இரு கணினிகளுக்கு அமைந்துவிட்டாலோ, இரண்டில் ஒன்று மாறி மாறித் தொடுப்பை இழக்கும்.

முகவரியோடு நுழைவாயில் முகவரியும் கிடைக்க வேண்டும். உள்ளூர் வலையமைப்பிலிருந்து வெளியேறும் வாயில் அதுவே. நுழைவாயில் தவறாக இருந்தால் பக்கத்து மேசையில் உள்ள அச்சுப்பொறி வேலை செய்யும். இணையம் மட்டும் வராது.

பிங், டிரேஸ்ரூட்

பிங் என்பது ஒரு கணினிக்குச் சிறு பொதியை அனுப்பி, அது திரும்பி வர ஆகும் நேரத்தை அளக்கும் நிரல். மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 1983 டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை எழுப்பி எதிரொலியைக் கேட்கும் முறையை ஒத்திருப்பதால் இப்பெயர் இடப்பட்டது. வரிசையாக நான்கு இடங்களுக்குப் பிங் அனுப்புவது வழக்கமான சோதனை: முதலில் 127.0.0.1 என்னும் தன் சொந்த முகவரி, பின்னர் நுழைவாயில், பின்னர் வெளியே உள்ள ஏதேனும் ஓர் எண் முகவரி, இறுதியாக ஒரு பெயர். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அதற்கும் முந்தைய படிக்கும் இடையில்தான் கோளாறு.

ஆயினும் பதில் வராமை மட்டுமே கோளாறுக்குச் சான்றாகாது. விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு 2004 ஆகஸ்டில் வெளியானது முதல், விண்டோசில் தீச்சுவர் இயல்பாகவே செயற்பாட்டில் இருந்து வருகிறது. அது வெளியிலிருந்து வரும் பிங் பொதிகளைப் பல சூழல்களில் புறக்கணித்துவிடும். நன்றாக இயங்கும் கணினியும் பிங்குக்கு ஊமையாக இருக்கலாம். மறுபுறம், பிங்குக்குப் பதில் வருவதாலேயே அங்குள்ள வலைத்தளம் இயங்குகிறது என்றும் கொள்ளக் கூடாது.

டிரேஸ்ரூட், பொதி செல்லும் வழியில் உள்ள திசைவிகளை வரிசையாகக் காட்டும். ஒவ்வொரு பொதியிலும் அதன் ஆயுளைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு திசைவியும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கும். எண் சுழியமானால் திசைவி பொதியை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு அறிவிப்பு விடுக்கும். டிரேஸ்ரூட் இந்த எண்ணை 1, 2, 3 என்று உயர்த்தி அனுப்பி, அறிவிப்பு விடுக்கும் திசைவிகளின் முகவரிகளைச் சேகரிக்கிறது. இடையே ஒரு வரியில் உடுக்குறிகள் தோன்றி, அடுத்த வரிகளில் பதில் தொடர்ந்தால் அது கோளாறு அன்று. அந்தத் திசைவி பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவே.

பிங் தரும் நேரத்தைத் தொலைவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள திருப்புட்குழியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான விசயராகவப் பெருமாள் கோயில் இவ்வூரில் உள்ளது; சடாயு என்னும் புள்ளின் கதையோடு தலபுராணம் ஊர்ப்பெயரைத் தொடர்புபடுத்துகிறது. இங்கிருந்து சென்னை சுமார் 80 கிலோமீட்டர். ஒளி போய்த் திரும்ப 1 மில்லிநொடி கூட ஆகாது. சென்னையிலிருந்து கடலடி வடம் வழியே சிங்கப்பூர் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிநொடி. எனவே திருப்புட்குழியில் உள்ள கணினி சிங்கப்பூர் வழங்கியிடமிருந்து 40 மில்லிநொடியளவில் பதில் பெற்றால் வழி செம்மையாக உள்ளது. 20 மில்லிநொடியில் பதில் வந்தால், அந்த வழங்கி சிங்கப்பூரில் இல்லை என்பது உறுதி. ஒளியை விட விரைவாக எந்தப் பொதியும் செல்லாது. 250 மில்லிநொடி ஆனால், பொதி வேறு கண்டத்தைச் சுற்றி வருகிறது, அல்லது எங்கோ நெரிசலில் காத்திருக்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாயின், 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு நான்கு முறை ஏறி இறங்க வேண்டியிருப்பதால், 477 மில்லிநொடிக்குக் குறைவாக ஒருபோதும் வராது.

திருப்புட்குழியிலிருந்து காஞ்சிபுரத்தில் உள்ள வேறொரு நிறுவனத்தின் பயனருக்குச் செல்லும் பொதியும் பெரும்பாலும் சென்னை சென்றே திரும்பும். இரு நிறுவனங்களும் தரவைக் கைமாற்றிக் கொள்ளும் இணையப் பரிமாற்ற மையங்கள் பெருநகரங்களில் இருப்பதே காரணம். இந்தியாவில் இதற்கென 2003 இல் நிக்சி என்னும் அமைப்பு நிறுவப்பட்டது.

பெயர்த் தீர்வு

எண் முகவரிக்குப் பிங் சென்று, பெயருக்குச் செல்லாவிடில், கோளாறு ஆள்களப் பெயர் முறைமையில் உள்ளது. 1983 இல் பால் மொக்கபெட்ரிசு வடிவமைத்த இம்முறைமை, பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தருகிறது. "என்எஸ்லுக்அப்" என்ற கட்டளையால் பெயர் வழங்கியிடம் நேரடியாகக் கேட்கலாம். ஒரு வழங்கி பதில் தராமல், வேறொரு பொது வழங்கி பதில் தந்தால், சிக்கல் எங்குள்ளது என்பது தெளிவாகிறது. கணினியும் உலாவியும் பழைய விடைகளைச் சேமித்து வைப்பதால், வழங்கி இடம் மாறிய பின்னரும் சிலருக்கு மட்டும் தளம் கிடைக்காமல் இருப்பது இயல்பு.

திருப்புட்குழி என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது "ழி"யையும் இரட்டித்த ஒற்றையும் ஆளுக்கொரு விதமாக எழுதுவர். அஞ்சல்காரர் இதைப் பொறுத்துக் கொள்வார். பெயர் வழங்கி பொறுத்துக் கொள்ளாது. தமிழ் எழுத்துகளிலேயே ஆள்களப் பெயர்களை அமைக்கும் முயற்சியில் 2007 அக்டோபரில் "உதாரணம்.பரிட்சை" என்ற சோதனை முகவரி உலகப் பெயர் முறைமையில் சேர்க்கப்பட்டது. பின்னர் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய உயர்நிலைப் பெயர்கள் வந்தன. இத்தகைய பெயர்கள் வழங்கிகளுக்கு இடையே ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. சில பழைய கருவிகள் அம்மாற்றத்தைச் செய்வதில்லை. அவற்றில் உலாவியில் திறக்கும் தமிழ்ப் பெயர் கட்டளை வரியில் கிடைக்காது. அங்கே மாற்றிய வடிவத்தைத் தட்டச்சிட்டுச் சோதிக்க வேண்டும்.

கடலடி வடங்களும் ஊரகத் தொடுப்புகளும்

பயனரின் வீட்டில் எதுவும் கெடாமலே தொடுப்பு கெடுவதற்கு 2008 ஆம் ஆண்டு நிகழ்வுகள் தக்க எடுத்துக்காட்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, பிளாக் ஆகிய இரு கடலடி வடங்கள் அறுந்தன. இந்தியாவின் பன்னாட்டு இணையக் கொள்ளளவில் ஏறத்தாழ பாதி இழக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. இரு நாட்கள் கழித்துத் துபாய்க்கு அப்பால் பால்கன் வடமும் அறுந்தது. கப்பலொன்று கைவிட்டுச் சென்ற, 5 முதல் 6 டன் எடையுள்ள நங்கூரம் அங்கே கண்டெடுக்கப்பட்டது. பழுதுபார்ப்பு பிப்ரவரி நடுப்பகுதிக்குள் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே மீண்டும் வடங்கள் அறுந்தன.

மேற்கு நோக்கிய வழி அறுந்தபோதும், சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் செல்லும் வடங்கள் பழுதுறவில்லை. எனவே ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டிய பொதிகள் சிங்கப்பூர், பசிபிக் பெருங்கடல், அமெரிக்கா என்று உலகைச் சுற்றி அனுப்பப்பட்டன. தொடுப்பு இருந்தது, பிங் நேரம் மட்டும் பெருகியது. அந்நாட்களில் டிரேஸ்ரூட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கியிருக்கும். பாராதவர்கள் தம் இணைப்பியைக் கழற்றி மாட்டிக் கொண்டிருந்திருப்பர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரை கடந்த பின்னரும், கடலடி வடம் ஒன்று பழுதுற்றதால் இணைய வேகம் குறைந்துள்ளதாக ஏர்டெல் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது.

ஊரகத் தொடுப்பின் சிக்கல்கள் வேறு வகையானவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கோர்டெக்ட் கம்பியில்லா முறையைக் கொண்டு, 2000களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் போன்ற பகுதிகளில் கிராம இணைய மையங்கள் அமைக்கப்பட்டன. நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகம் கிடைத்தது. கோபுரத்துக்கும் மையத்துக்கும் இடையே நேர்ப்பார்வை தேவை என்பதால், வளர்ந்துவிட்ட ஒரு மரமே தொடுப்பைக் கெடுக்கப் போதுமானது. மென்பொருளை மட்டும் அறிந்தவர் இக்கோளாறை மேசையில் அமர்ந்தபடி கண்டறிய இயலாது. வெளியே வந்து கோபுரம் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும்.

பாரத்நெட் திட்டத்தின் கீழ் 12,525 ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. வடத்தின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியே மேலே இழுக்கப்படுவது. மேலே செல்லும் வடத்தைச் சாலை தோண்டுவோர் அறுப்பதில்லை; ஆனால் புயல் சாய்க்கும் கம்பத்தோடு அதுவும் வீழும். இத்தகைய நிலைக்கு ஈடுகொடுக்கவே வளைய அமைப்பு பயன்படுகிறது. ஓரிடத்தில் வடம் அறுந்தாலும் பொதிகள் வளையத்தின் மறுபக்கமாகச் சென்று சேரும். ஒரு குறையும் இதிலுண்டு. முதல் அறுப்பை எவரும் உணராததால் அது பழுதுபார்க்கப்படாமலே கிடக்கக் கூடும். இரண்டாவது அறுப்பில் பல ஊர்கள் ஒருங்கே துண்டிக்கப்படும்.

மெய்நிகர் இயந்திரங்கள்

ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினியே மெய்நிகர் இயந்திரம். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே இதைப் பெருங்கணினிகளில் செய்து காட்டியது. 1972 இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. மேசைக் கணினிகளுக்கு 1999 இல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனும், 2007 இல் விர்ச்சுவல்பாக்சும் வந்தன. தாங்கி நிற்கும் உண்மைக் கணினியை விருந்தோம்பி என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினர் என்றும் அழைப்பர்.

விருந்தினரில் இணையம் வராதபோது முதலில் விருந்தோம்பியில் இணையம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது மிக எளிய சோதனை. ஆயினும் பெரும்பாலும் மறக்கப்படுவது. அடுத்து, விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்புகளில் மெய்நிகர் வடம் இணைக்கப்பட்டுள்ளதா என்பதைக் குறிக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. இல்லாத வடத்தையும் கழற்றி வைக்க முடியும் என்பதை இதைக் காணாதவர் நம்புவது கடினம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில், மேகக் கணிமை ஆய்வகத்துக்கான பயிற்சிகளுள் ஒன்று, ஒரு மெய்நிகர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை மாற்றுவது. இதற்கு முந்தைய பயிற்சியில் மாணவர்கள் விர்ச்சுவல்பாக்சை நிறுவி, எதையும் மாற்றாமல் இரு லினக்சு இயந்திரங்களை உருவாக்கியிருப்பர். இரண்டிலும் இணையம் வரும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய முடியாது. முகவரியைப் பார்த்தால் இரண்டிலும் 10.0.2.15 என்றே இருக்கும்.

இது கோளாறு அன்று. விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாகத் தேர்ந்தெடுப்பது முகவரி பெயர்ப்பு முறை. நேட் என்று வழங்கப்படுவது. இம்முறையில் ஒவ்வொரு விருந்தினருக்கும் தனித்தனியே ஒரு மெய்நிகர்த் திசைவி அமைகிறது. அத்திசைவியின் முகவரி 10.0.2.2, பெயர் வழங்கி 10.0.2.3; விருந்தினர் 10.0.2.15. ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் பூட்டப்பட்டவர் போன்றவர். அறை எண் ஒன்றாக இருந்தாலும் அறைகள் வேறு. எனவே முகவரி மோதலும் இல்லை, சந்திப்பும் இல்லை. 10.0.2.15க்குப் பிங் அனுப்பும் மாணவருக்குப் பதில் வரும். அது தன் இயந்திரமே தனக்குத் தந்த பதில் என்பதை உணராமல், தொடுப்பு சரியாக உள்ளது எனக் கருதி மணிக்கணக்கில் தடுமாறுவோர் உண்டு.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. முதலாவது, இரு இயந்திரங்களையும் "நேட் வலையமைப்பு" என்ற வேறொரு முறைக்கு மாற்றுவது. பெயர் ஒத்திருந்தாலும் இதில் எல்லா விருந்தினரும் ஒரே மெய்நிகர்த் திசைவியைப் பகிர்வர். வெவ்வேறு முகவரிகள் பெறுவர். இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது வலையமைப்பு அட்டையைச் சேர்த்து, அதை விருந்தோம்பிக்கு மட்டுமான வலையமைப்பில் இணைப்பது. அப்போது வழக்கமாக விருந்தோம்பி 192.168.56.1 என்ற முகவரியைப் பெறும்; விருந்தினர் அதே தொகுதியில் வெவ்வேறு எண்களைப் பெறுவர். இணையத்துக்கு முதல் அட்டை, தமக்குள் பேச இரண்டாவது அட்டை என்ற இந்த ஏற்பாடு ஆய்வகத்துக்கு மிகப் பொருத்தமானது. நேட் முறையிலேயே இருந்துகொண்டு விருந்தோம்பியிலிருந்து விருந்தினரை அடைய வேண்டுமாயின், துறைமாற்றம் செய்யலாம்; விருந்தோம்பியின் 2222 ஆம் துறையை விருந்தினரின் 22 ஆம் துறைக்குத் திருப்புவது பரவலான வழக்கம்.

பால முறையில் விருந்தினர் நேரடியாக வெளி வலையமைப்பில் இன்னொரு கணினியாகவே தோன்றும். வீட்டில் இது எளிது. கல்லூரியில் கவனம் தேவை. ஒரு துறையில் ஒரு மேக் முகவரியை மட்டுமே ஏற்குமாறு ஆளிகள் அமைக்கப்பட்டிருக்கலாம். இரண்டாவது முகவரி தோன்றியதும் ஆளி அத்துறையையே மூடிவிட்டால் விருந்தோம்பியும் தொடுப்பை இழக்கும். கம்பியில்லாத் தொடுப்பில், அணுகு முனையம் தன்னிடம் பதிந்துகொண்ட மேக் முகவரியிலிருந்து வரும் சட்டங்களை மட்டுமே ஏற்பதால், பால முறை சில அட்டைகளில் வேலை செய்வதில்லை. அதினும் தீயது, டிஎச்சிபி வழங்கி நிறுவப்பட்ட விருந்தினரைப் பால முறையில் இயக்குவது. ஆய்வகத்தின் பிற கணினிகள் முகவரி கேட்கும்போது இந்த இயந்திரமும் முந்திக்கொண்டு தவறான முகவரியைத் தரும். ஒருவரின் பயிற்சி அறை முழுவதின் தேர்வையும் நிறுத்திவிடக் கூடும். டிஎச்சிபி பயிற்சிகளை உள்ளக வலையமைப்பு முறையில் மட்டுமே செய்தல் நன்று.

நேரத்தை மிச்சப்படுத்த ஓர் இயந்திரத்தை நகலெடுப்பதால் வரும் சிக்கலும் உண்டு. நகலில் மேக் முகவரி மாற்றப்படாவிடில், ஒரே வலையமைப்பில் இரு இயந்திரங்கள் ஒரே அடையாளத்தோடு இயங்கும். பொதிகள் ஒருமுறை ஒன்றுக்கும் மறுமுறை மற்றொன்றுக்கும் செல்லும். விர்ச்சுவல்பாக்ஸ் இயந்திரங்களின் மேக் முகவரிகள் 08:00:27 என்று தொடங்கும். எஞ்சிய பகுதி ஒவ்வொன்றிலும் வேறுபட வேண்டும். நகலெடுக்கும்போது புதிய முகவரிகளை உருவாக்குமாறு தெரிவு செய்தால் இச்சிக்கல் எழாது.

நிறுத்தி வைத்த இயந்திரத்தை நாட்கள் கழித்து எழுப்பும்போது அதன் கடிகாரம் பின்தங்கியிருக்கலாம். அப்போது பிங் செல்லும், பெயர்த் தீர்வு நடக்கும், ஆனால் பாதுகாப்பான வலைத்தளங்கள் மட்டும் சான்றிதழ் செல்லாது என்று கூறி மறுக்கும். இதை வலையமைப்புக் கோளாறு என எண்ணித் தேடுவோருக்கு எதுவும் கிடைக்காது. தேதியைத் திருத்தினால் போதும்.

நினைவகக் குறைவும் வலையமைப்புக் கோளாறு போலத் தோற்றம் தரும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கட்டக் கணினிகளில் 2 கிகாபைட் நினைவகமே இருந்தது. அதில் ஒரு பாதியை விருந்தினருக்குக் கொடுத்தால் இரு இயங்குதளங்களும் திணறும். பக்கங்கள் திறக்கத் தாமதமாகும். அப்போதும் நுழைவாயிலுக்கான பிங் நேரம் சீராக இருந்தால் குறை வலையமைப்பில் இல்லை.

பொதியின் அளவு

சில தொடுப்புகளில் உள்நுழைவு நடக்கும், சிறு பக்கங்கள் திறக்கும். பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறைந்து நிற்கும். ஈதர்நெட்டில் ஒரு பொதியின் பெரும அளவு 1,500 பைட். தொலைபேசிக் கம்பிவழி அகலப்பட்டையில் பயன்படும் பிபிபிஓஈ நெறிமுறை 8 பைட்டுகளை எடுத்துக் கொள்வதால் 1,492 மட்டுமே எஞ்சும். மேகக் கணிமை மையங்களில் மெய்நிகர் வலையமைப்புகளைப் பிரிக்கப் பயன்படும் விஎக்ஸ்லான் முறை 50 பைட்டுகளை எடுத்துக் கொள்ளும். விருந்தினர் இதை அறியாமல் 1,500 பைட் பொதிகளை அனுப்பினால், அவை வழியில் எறியப்படும். பொதி பெரிதாக உள்ளது என்ற அறிவிப்பைத் தீச்சுவர் தடுத்துவிட்டால் அனுப்பியவருக்குக் காரணமே தெரியாது. பிளக்கக் கூடாது என்ற குறியுடன் 1,472 பைட் பிங் அனுப்பிப் பார்க்கலாம். தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்து அது 1,500 ஆகும். அது செல்லாமல் 1,464 சென்றால், வழியில் 1,492 என்ற வரம்பு உள்ளது என அறியலாம்.

பொதிகளைப் பிடித்து ஆராய்தல்

மேற்கூறிய எதனாலும் காரணம் புலப்படாதபோது, அட்டை வழியே செல்லும் பொதிகளை அப்படியே பதிவு செய்து படிக்க வேண்டும். ஜெரால்டு கோம்பு 1998 இல் ஈத்ரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006 முதல் வயர்ஷார்க் எனப்படும் கட்டற்ற மென்பொருள் இதற்குப் பயன்படுகிறது. மெய்நிகர் இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு: விருந்தினரிலும் விருந்தோம்பியிலும் ஒருங்கே பதிவு செய்து ஒப்பிடலாம். விருந்தினர் அனுப்பிய பொதி விருந்தோம்பியின் அட்டையில் காணப்படாவிடில், இடையே உள்ள மெய்நிகர் ஆளியிலோ விருந்தோம்பியின் தீச்சுவரிலோ அது நின்றுள்ளது. வெளியே சென்று பதில் வராவிடில், கோளாறு கணினிக்கு வெளியே உள்ளது.

பிறர் வலையமைப்பில் இவ்வாறு செய்வதற்கு உரிமையாளரின் இசைவு தேவை. இசைவின்றிக் கணினியையோ வலையமைப்பையோ அணுகித் தரவைப் படியெடுப்பது இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 43 ஆம் பிரிவின் கீழ் வரும். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்யின் 66 ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆய்வகப் பயிற்சிக்குத் தன் கணினிக்குள் அமைத்த மெய்நிகர் வலையமைப்பே போதுமானது.